ஆய்வக எலிகளை ஏற்றி இறக்குவது: ஏசி கார் போதுமா?

கேள்வி, மே 9, 2025

மதுரைப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆய்வு மாணவி நான். பெங்களூரில் பதிவுபெற்ற இனப்பெருக்க நிலையத்திலிருந்து விஸ்டார் என்ற ஆய்வக இன எலிகளும் கொஞ்சம் சுண்டெலிகளும் வாங்க நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. கைடு "ஒரு இன்னோவா எடு, ஏசியைப் போடு, காலையில் ஏற்றினால் சாயங்காலம் வந்துவிடலாம், தனி வண்டியெல்லாம் தண்டச் செலவு" என்கிறார். ஏசி இருந்தால் போதும்தானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மே 9, இரவு

போதாதும்மா. ஏசி வேலை செய்வது எஞ்சின் ஓடும் வரைதான். நான் பார்த்தவரை விலங்குகள் வண்டி ஓடும்போது சாவதில்லை, நிற்கும்போதுதான் சாகின்றன. டீக்கடை, டோல்கேட், பஞ்சர் கடை, கடைசியில் நம் கல்லூரி வாசல். ஒரு மருத்துவக் கல்லூரியின் அனிமல் ஹவுஸில் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் கைடிடம் சண்டை போட வேண்டாம், கையெழுத்து அவரிடம்தான் வாங்க வேண்டும்.

மே 10

இப்போது அக்னி நட்சத்திரம். பெங்களூரில் ஏற்றும்போது குளுகுளு என்றிருக்கும், அதுதான் ஏமாற்றும். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி இறங்கியதுமே காற்று மாறிவிடும், சேலம் நாமக்கல் கரூர் என்று போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே போகும். பகல் பயணம் வேண்டவே வேண்டாம். இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பினால் விடியும் முன் மதுரை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பாதை அடைபடுவது அடிக்கடி நடக்கிற காரியம், அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னோவாவில் என்ன பிரச்சினை என்றால், டிரைவருக்குக் குளிரும், கடைசி வரிசையை மடக்கி அடுக்கிய பெட்டிகளுக்குக் குளிராது. பெட்டிக்குள் இருக்கும் எலிகளின் உடம்பே சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும், ஈரமும் சேரும், மூத்திரத்திலிருந்து அம்மோனியாவும் சேரும். காற்று நகர்ந்தால்தான் இவை வெளியே போகும். பெட்டியோடு பெட்டியை ஒட்டி அடுக்கிவிட்டால் பக்கவாட்டு ஓட்டைகள் அடைந்துபோகும். விமானத்தில் போகும் பெட்டிகளின் பக்கங்களில் ஒரு சட்டம் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், யார் எப்படி அடுக்கினாலும் இடையில் காற்றுக்கு வழி இருக்கட்டும் என்றுதான் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகள் அதைக் கேட்கின்றன. நம் ஊர் பெட்டிகளில் அது இருக்காது. இரண்டு மரச்சட்டத்தை வாங்கி வரிசைகளுக்கு நடுவே வையுங்கள், செலவே இல்லை.

எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது. வாலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சூட்டை வெளியேற்றும், அது போதாதபோது எச்சிலை உடம்பு ரோமத்தில் தடவிக்கொள்ளும். ஆகவே வழியில் பெட்டியைப் பார்க்கும்போது தாடைக்குக் கீழும் கழுத்திலும் ரோமம் நனைந்திருந்தால் "தண்ணீர் சிந்தியிருக்கு" என்று மூடிவிட்டுப் போகாதீர்கள். அது சூட்டில் தவிக்கிறது.

பெட்டி அடுக்கின் நடுவில் ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி வையுங்கள். இப்போதெல்லாம் மலிவாகவே கிடைக்கிறது. வண்டியின் டேஷ்போர்டில் காட்டும் 22 டிகிரிக்கும் நடு அடுக்கில் இருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. விலங்கு அறையில் 18 முதல் 29 டிகிரி வரை இருக்கலாம் என்பது விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் நம் ஒன்றிய அரசுக் குழுவின் வழிகாட்டுதல், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். வண்டிக்குள்ளும் அந்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மே 11

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் பாட்டில் வேண்டாம். வண்டி குலுங்கக் குலுங்க அதன் முனைக் குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், படுக்கையாகப் பரப்பிய உமி முழுக்க நனையும், நனைந்த சுண்டெலி ஏசி காற்றில் விறைத்துப்போகும். சூட்டுக்குப் பயந்து குளிரில் கொல்வது இப்படித்தான். தண்ணீருக்குப் பதிலாக உருளைக்கிழங்கும் வெள்ளரியும் கழுவி, வெட்டிப் போடுங்கள். காசு இருந்தால் நீர்க்கூழ் (ஜெல்) கிடைக்கிறது, அது சுத்தம். பயணம் எட்டு மணி நேரம் என்றால் பதினாறு மணி நேரத்துக்கான தீனி இருக்கட்டும். பட்டினி போட்டு ஏற்றுவது என்ற பழக்கம் நாய் பூனையிடமிருந்து வந்தது. எலிக்கு வாந்தி எடுக்கவே முடியாது, அதைப் பட்டினி போடுவதில் அர்த்தமில்லை. குமட்டினால் அது என்ன செய்யும் தெரியுமா, களிமண்ணைத் தின்னும். ஆய்வகத்தில் எலிக்குக் குமட்டலை அளக்கும் முறையே அதுதான், கயோலின் களிமண் எவ்வளவு தின்றது என்று எடை போடுவார்கள்.

வெவ்வேறு கூண்டில் வளர்ந்த ஆண் சுண்டெலிகளை ஒரே பெட்டியில் போடாதீர்கள். சென்று சேரும்போது வாலும் பின்புறமும் கடிபட்டு ரத்தமாக இருக்கும். கூண்டுத் தோழர்கள் கூண்டுத் தோழர்களோடே வரட்டும். பழைய கூட்டிலிருந்து கொஞ்சம் கூடுகட்டும் பஞ்சோ காகித இழையோ கூட வந்தால் சண்டை குறையும், ஆனால் மூத்திரம் ஊறிய உமியைச் சேர்த்துப் போட்டால் சண்டை கூடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சினை எலி வேண்டாம், அதிலும் சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வேண்டவே வேண்டாம். சுண்டெலியின் சினைக்காலமே மூன்று வாரத்துக்குள்தான். இப்போதுதான் குட்டி போட்ட தாயையும் விட்டுவிடுங்கள், குட்டிகளைத் தின்றுவிடக்கூடும்.

மே 11, கொஞ்ச நேரம் கழித்து

எங்கள் டிரைவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது டேஷ்போர்டு பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டு, "உன் வாகனத்துக்கே நான் வாகனம் ஓட்டுறேன்பா, பார்த்துக்கோ" என்பார். அட்டெண்டர் அண்ணனின் குறை வேறு: "எலிக்கு ஏசி, எனக்கு மட்டும் ஃபேன்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, விலங்கு அறைக்கு வெளியே இருந்த அவருடைய ஓய்வறையில் அந்த ஃபேனும் சரியாக ஓடாது.

மே 13

"நிற்கும்போதுதான் சாகும் என்பது மிகை, நாங்கள் ரயிலில் கொண்டுவந்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரயில் நின்றால் பெட்டி வைத்த இடத்தில் காற்று வருகிறதா என்பதுதான் கேள்வி. வந்திருந்தால் பிழைத்திருக்கும். மிகையா என்று நீங்களே சொல்லுங்கள், ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

வண்டி இரவெல்லாம் நன்றாக வந்தது. அதிகாலை நாலரை மணிக்கு வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே விட மாட்டேன் என்கிறார் காவலாளி. காரணம், நுழைவுக் கடிதத்தில் இருந்த தேதி முந்தைய நாளுடையது. கிளம்பியது ஒரு தேதி, வந்து சேர்ந்தது மறுதேதி, கடிதம் தட்டச்சு செய்தவர் கிளம்பும் தேதியைப் போட்டுவிட்டார். அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். காவலாளியைக் குறை சொல்ல முடியாது, தெரியாத வண்டியை விட்டால் அவர் வேலை போகும். டிரைவர் இரவு முழுக்க ஓட்டியவர், எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வேறு. வெயில் ஏறியது. வண்டி நின்றது சுவரோரம், கிழக்கு பார்த்த சுவர்.

திறந்து பார்த்தபோது வெளி வரிசைப் பெட்டிகள் பரவாயில்லை. நடு அடுக்கில் இருந்தவைதான் போய்விட்டன. மூடிய வண்டி வெயிலில் நின்றால் பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறலாம், அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நானூறு கிலோமீட்டர் பத்திரமாக வந்த விலங்குகள் கடைசி நூறு மீட்டருக்காகக் காத்திருந்து செத்தன.

அதற்குப் பிறகு எங்கள் இடத்தில் நான் பிடிவாதமாக வைத்த விதிகள்: நுழைவுக் கடிதத்தில் இரண்டு தேதிகளும் இருக்கும். இரவுக் காவலாளியிடம் முந்தைய மாலையே நேரில் சொல்லி வைக்க வேண்டும். வாங்கிக்கொள்ளும் ஆள் வாசலில் நிற்க வேண்டும், தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறேன் என்பதெல்லாம் கூடாது. வண்டியில் டிரைவர் தவிர விலங்கு தெரிந்த ஒருவர் வர வேண்டும், அவர் சொல்லும்வரை எஞ்சின் அணையக் கூடாது.

மே 14

காகிதங்கள் என்னென்ன என்று கேட்டவருக்கு. நெறிமுறைக் குழு அனுமதியின் நகல், அனுப்பும் இடத்தின் பதிவு எண், கால்நடை மருத்துவர் தந்த உடல்நலச் சான்று, இனம் பால் வயது எண்ணிக்கை எழுதிய பட்டியல், இரண்டு முனையிலும் இரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண். கடைசியில் சொன்னது எந்த விதியிலும் எப்படி இருந்தாலும் எனக்கு முதலில் அதுதான். காகிதங்களை டிரைவர் கையில் ஒரு படி, பெட்டியில் ஒட்டி ஒரு படி. பட்டியலில் உள்ள எண்ணிக்கையை இறக்கும்போதே எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுங்கள், செத்தவை உட்பட. செத்ததை எழுதாமல் விடுவது சிலரிடம் பழக்கமாகவே இருக்கிறது, அப்படி விட்டால் அடுத்த முறையும் அதே வண்டி, அதே அடுக்கு.

மே 17

வந்து சேர்ந்துவிட்டது, அடுத்த நாளே வேலையைத் தொடங்கலாமா? எல்லா ஆய்வு மாணவர்களும் கேட்பது இதுதான், ஏனென்றால் எல்லோருக்கும் ஆய்வேட்டுக் காலக்கெடு நெருங்கியிருக்கும்.

தொடங்கலாம், ஆனால் நீங்கள் அளப்பது மருந்தை அல்ல, பயணத்தை. பயணத்தால் கார்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், எடை குறையும், நோய் எதிர்ப்பு ஆட்டம் காணும், ரத்தச் சர்க்கரை ஏறும். நம் மருந்தியல் கல்லூரிகளில் பாதி ஆய்வு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற ரசாயனத்தைப் போட்டு நீரிழிவு உண்டாக்கி மூலிகைச் சாறு கொடுப்பது. வந்த மறுநாள் எடுத்த சர்க்கரை அளவை ஆரம்ப அளவு என்று போட்டால், பத்து நாள் கழித்து எந்தக் கஷாயம் கொடுத்தாலும் சர்க்கரை குறைந்துதான் தெரியும். அது கஷாயத்தின் மகிமையா, எலி பதற்றம் தணிந்ததா? ஒரு வாரமாவது விடுங்கள். தனி அறையில் வைத்துப் பார்த்து, பழைய விலங்குகளோடு கலக்காமல். தீனி மாறினாலோ இரவு பகல் விளக்கு நேரம் மாறினாலோ இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

மே 18

நேற்று எழுதியதைப் படித்தபோது தோன்றியது. ஊர் விட்டு ஊர் கொண்டுவருவதற்கு இவ்வளவு பேசுகிறோம், கட்டடத்துக்குள் நடக்கும் இடமாற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கீழ்த்தள அனிமல் ஹவுஸிலிருந்து மூன்றாம் மாடி ஆய்வகத்துக்குத் தினமும் கூண்டு போகிறது. அது பயணமாகவே யாருக்கும் படுவதில்லை.

கூண்டை அலமாரியிலிருந்து எடுத்து டிராலியில் வைத்தாலே இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இறங்க மணிக்கணக்கில் ஆகும். உடம்புக்குள் பொருத்திய அளவிக் கருவி வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டிராலிச் சக்கரம் கிறீச்சிடுவது நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். எலியும் சுண்டெலியும் நம் காதுக்கு எட்டாத மேல்சுருதி ஒலிகளையும் கேட்கும், அந்தச் சக்கரம் நமக்குக் கேட்காத சுருதியிலும் கத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே பெரிய ரப்பர் சக்கரம், எண்ணெய், அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு. லிஃப்ட் வாசலில் இரண்டு தளம் சரியாகச் சேராத அந்தப் படி இருக்கிறதே, அங்கே டிராலி ஒரு குதி குதிக்கும். பாட்டில்கள் மொத்தமும் அந்த ஒரு குதியில் கொட்டும். நகர்த்தும் முன் பாட்டிலை எடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் மாட்டுங்கள். மாட்ட மறக்காமல் இருக்க டிராலியிலேயே ஒரு அட்டை தொங்கட்டும்.

நோயாளிகள் போகும் லிஃப்டில் கூண்டு போகக் கூடாது. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எலி மூத்திரத்தில் உள்ள புரதங்கள் தூசியோடு பறக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு வரும். விலங்ககத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் பலர் தும்மலோடும் கண் அரிப்போடும்தான் ஓய்வு பெறுகிறார்கள். உமி கொட்டும்போதும் கூண்டு ஏற்றும்போதும் என்95 முகக்கவசம், சும்மா துணி முகக்கவசம் போதாது. கூண்டின் மேல் துணி போர்த்துங்கள், கறுப்பு பாலிதீன் பையை மட்டும் போர்த்தாதீர்கள். அப்படிப் போர்த்திக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மே 18, இரவு

வாலைப் பிடித்துத் தூக்குவது பற்றி. சுண்டெலியை வாலில் தூக்கினால் அது மனிதக் கையைக் கண்டாலே ஒதுங்கும், பதற்றம் கூடும். குழாய்க்குள் நுழைய விட்டோ குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் அதுவே கையைத் தேடி வரும். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும் 2010இல் இதைக் காட்டினார்கள். பதினைந்து வருடம் ஆயிற்று, நம் ஊரில் இன்றும் வால்தான். பழைய ஆட்களிடம் சொன்னால் "குழாய் வைத்தால் நேரம் ஆகும் சார்" என்பார்கள். முதல் வாரம் ஆகும். அப்புறம் ஆகாது.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளிவந்த ஆய்வு: ஆண் ஒருவர் அறையில் இருந்தாலே, அவர் போட்ட சட்டை இருந்தாலே, சுண்டெலிக்கு மன அழுத்தம் ஏறி வலி உணர்வு குறைந்துவிடுகிறது. பெண்கள் இருந்தால் அப்படி ஆவதில்லை. இதை எங்கள் துறையில் சொன்னபோது மேடம் ஒருவர் "இதைக் கண்டுபிடிக்க எலி எதற்கு" என்றார்.

மே 21

அவசரக் குறிப்பு. ஒரு தம்பி எழுதியிருக்கிறார், திரும்பி வரும் அதே காரில் திசு மாதிரிகளை உலர்பனிப் பெட்டியில் வைத்து எடுத்து வரலாம் என்று திட்டமாம், ஒரே செலவில் இரண்டு வேலை. செய்யாதீர்கள். உலர்பனி உருகி நீராவதில்லை, கரியமில வாயுவாகக் கிளம்பும், கனமான வாயு, கீழேயே தேங்கும். மூடிய காரில் கீழே இருப்பது எலிப் பெட்டி. ஏசியை உள்சுழற்சியில் போட்டிருந்தால் டிரைவருக்கும் தலை கிறுகிறுக்கும். தொப்பூர் வளைவில் டிரைவருக்குத் தலை கிறுகிறுத்தால் எலி சாவது இரண்டாவது கவலை. ஐஸ் பைகளைப் பெட்டிக்குள் எலியோடு ஒட்டி வைப்பதும் வேண்டாம், வேர்த்துக்கொட்டி உமி நனையும்.

மே 24

வெயிலில் நிற்பதைப் பற்றி எழுதியதிலிருந்து பழைய கதைகள் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விஷயத்தை விட்டு விலகுகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

1950களில் போலியோ தடுப்பூசிக்காக அமெரிக்கா ரீசஸ் குரங்குகளை ஆயிரக்கணக்கில் இந்தியாவிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தது. குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வைரஸை வளர்த்தார்கள். டெல்லியிலிருந்து லண்டன், அங்கிருந்து நியூயார்க். 1955 தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில் இடைத் தங்கலின்போது கிட்டத்தட்ட 400 குரங்குகள் மூச்சுத் திணறிச் செத்தன. இங்கே பெரிய கொந்தளிப்பு, இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, தடுப்பூசிக்காரர்கள் ஓடிவந்து கெஞ்சி, நிபந்தனைகளோடு மறுபடி தொடங்கியது. கவனியுங்கள், அந்தக் காலத்து விமானத்தில் அவ்வளவு தூரம் பறந்தபோது பிழைத்தவை, தரையில் காத்திருந்தபோது செத்தன.

1967இல் உகாண்டாவிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பிய குரங்குகளும் லண்டனில் தங்க நேர்ந்தது, மேற்காசியப் போரால் விமானப் பாதை மாறியதால். அவற்றோடு வந்த வைரஸுக்குத்தான் பின்னால் மார்பர்க் என்ற ஊரின் பெயரை வைத்தார்கள். ஜெர்மனியின் மார்பர்க், பிராங்க்பர்ட், அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் மூன்று ஊர்களிலும் சேர்த்து 31 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். குரங்குகளோடும் அவற்றின் திசுக்களோடும் வேலை செய்தவர்கள்தான் பெரும்பாலும். தங்கல் இல்லாமல் போயிருந்தால் வைரஸ் வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தனிமைப்படுத்தும் அறையை "இடம் இல்லை" என்று ஸ்டோர் ரூம் ஆக்கும் நிர்வாகங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இந்தியா ரீசஸ் ஏற்றுமதியை 1978இல் முழுதாக நிறுத்தியது. தடுப்பூசிக்கென்று போனவை ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைக்கும் போகின்றன என்று தெரிந்த பிறகு. அதே 1978இல்தான் நம் விலங்குப் போக்குவரத்து விதிகளும் வந்தன, அதில் குரங்குகளுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. ஏற்றுவதை நிறுத்திய ஆண்டிலேயே எப்படி ஏற்றுவது என்று எழுதி வைத்திருக்கிறோம்.

மே 25

முயல், கினிப்பன்றி பற்றிச் சுருக்கமாக.

முயல் சூட்டுக்கு எலியைவிட மோசம், காதுதான் அதற்கு முக்கிய ரேடியேட்டர். 28, 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. அதைவிட ஆபத்து தூக்கும்போது. பின்னங்காலைத் தாங்காமல் தூக்கினால் அது உதறும் வேகத்தில் அதன் இடுப்பு முதுகெலும்பே உடைந்துவிடும். அப்புறம் பின்பாதி செயலிழந்துபோகும், கருணைக்கொலைதான். காதைப் பிடித்துத் தூக்குபவரை அனிமல் ஹவுஸுக்குள்ளேயே விடாதீர்கள். முயலின் தலையை நம் முழங்கைக்குள் மறைத்து, இன்னொரு கையால் பின்புறத்தைத் தாங்குங்கள். பெட்டியின் தரை வழுக்கக் கூடாது.

கினிப்பன்றிக்குப் பிரச்சினை பிடிவாதம். புதுத் தீனி, புதுப் பாட்டில், புது இடம் என்றால் சாப்பாட்டையே நிறுத்திவிடும். எங்கிருந்து வருகிறதோ அங்கே தின்ற அதே தீனி ஒரு பை கூடவே வரட்டும். எலிகளுக்கு உருளைக்கிழங்கு என்று 11ஆம் தேதி எழுதினேனே, கினிப்பன்றிக்கு அதைப் போட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதன் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது, பச்சைக் காய், கீரை வேண்டும்.

ஜூன் 3

கேள்வி கேட்ட மாணவி எழுதியிருக்கிறார். எலிகள் வந்துவிட்டனவாம். கைடு இன்னோவாவையே பிடித்துக்கொண்டாராம், ஆனால் இரவுப் பயணத்துக்கும் பாதி எண்ணிக்கையாக இரண்டு தடவை கொண்டுவருவதற்கும் ஒத்துக்கொண்டார். நடு அடுக்கின் பதிவுக் கருவியில் மிக அதிகமாக ஏறியது எங்கே தெரியுமா? கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே. இன்னோவா போதாது என்று நான் அடித்துச் சொன்னேன், எண்ணிக்கையைக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் போலிருக்கிறது. செலவு இரட்டிப்பு ஆனதா என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் கேட்டது: மரபணு மாற்றிய சுண்டெலி வெளிநாட்டிலிருந்து வேண்டும், உயிரோடு கொண்டுவருவதா? முடிந்தால் வேண்டாம். உறைந்த கருவாகவோ விந்தாகவோ வரவழையுங்கள். திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்த உலர் கலத்தில் வரும், சுங்கத்தில் இரண்டு நாள் கிடந்தாலும் பதறாது, பேன், ஒட்டுண்ணி எதுவும் கூட வராது. இங்கே வாடகைத் தாய்ச் சுண்டெலிக்குள் வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதுதான் செலவு. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் 1947 காட்டுத்தீயில் எரிந்து சுண்டெலிகள் பெரும்பாலும் அழிந்தபோது, முன்பு அவர்களிடமிருந்து வாங்கியிருந்த மற்ற ஆய்வகங்கள் அதே இனங்களைத் திருப்பி அனுப்பித்தான் மறுபடி வளர்த்தெடுத்தார்கள். இன்று ஒரு உறைகலத்தை வேறு ஊரில் வைத்திருந்தால் போதும்.

நவம்பர் 4

பழைய இழையை மேலே இழுத்ததற்கு மன்னிக்கவும். அமெரிக்காவில் மிசிசிப்பி நெடுஞ்சாலைச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். போன வாரம், அக்டோபர் 28, ரீசஸ் குரங்குகளை ஏற்றிய வண்டி கவிழ்ந்தது. 21 குரங்குகள். வண்டியில் வந்தவர்கள் "இவற்றுக்கு ஹெபடைடிஸ் சி, ஹெர்பிஸ், கொரோனா இருக்கிறது" என்று சொன்னதாகச் சொல்லி, தப்பிய பலவற்றைப் போலீஸார் சுட்டுவிட்டார்கள். அவற்றைக் கொடுத்த டுலேன் பல்கலைக்கழகமோ நோய்த்தொற்று எதுவும் இல்லை என்கிறது. 2022 ஜனவரியில் பென்சில்வேனியாவிலும் மொரீஷியஸிலிருந்து வந்த 100 குரங்குகளை ஏற்றிய வண்டி மோதி, சில தப்பின. பூனை என்று நினைத்துக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்த ஒரு பெண் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வண்டி ஓடும்போது சாவதில்லை என்றேனே என்று யாராவது மடக்கும் முன் சொல்லிவிடுகிறேன், இவை செத்தது வண்டி கவிழ்ந்ததால் என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓட்டியவருக்குச் சரியாகத் தெரியாததால். மே 14ஆம் தேதி எழுதிய பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த விலங்குகளுக்கு நோய் ஏற்றப்பட்டிருக்கிறதா இல்லையா என்று பெட்டியின் மேலேயே, அந்த ஊர் மொழியிலும், பெரிய எழுத்தில். நம் நெடுஞ்சாலையில் தருமபுரியில் கவிழ்ந்தால் முதலில் ஓடி வருபவர் ஆங்கிலம் படித்துவிட்டு வரமாட்டார்.

நவம்பர் 9

வரிக்குதிரை மீன் எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சென்னை கொளத்தூர் மீன் கடைக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், தெர்மாகோல் பெட்டி. எலிக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, மீனை முதல் நாளே பட்டினி போட வேண்டும், இல்லையென்றால் பைத் தண்ணீர் முழுக்க அம்மோனியா ஆகிவிடும். வந்ததும் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பம் சமமான பிறகு வலையால் மீனை மட்டும் எடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கடை மீனை ஆய்வுக்கு எடுப்பது சரியா என்பது வேறு சண்டை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து கலந்துகொள்கிறேன்.